இருபத்து மூணாம் நம்பர்ல ஒரு கோர் குறையுது

எண்ணுறதுக்கு முன்னால ஒரு அஞ்சு நிமிசம் உக்காருங்க சார். கம்ப்யூட்டர் எங்கயும் ஓடிராது. ஓட முடிஞ்சிருந்தா இந்தக் காலேஜ விட்டு எப்பவோ ஓடியிருக்கும்.

நீங்க கெமிஸ்ட்ரில்லா? புதுசா சேந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. அதான் உங்கள அனுப்பியிருக்காங்க. போன வருசம் பாட்டனியில இருந்து ஒருத்தர் வந்தாரு. அதுக்கு முந்துன வருசம் தமிழ். மே மாசம் வந்தா ஒரு டிபார்ட்மெண்ட் ஆளு இன்னொரு டிபார்ட்மெண்ட்டுக்குப் போயி சாமான் எண்ணணும். ஸ்டாக் வெரிஃபிகேசன். தெரிஞ்சவன அனுப்புனா ஏமாத்திருவானாம். தெரியாதவனா பாத்து அனுப்புனா நேர்மையா எண்ணுவானாம். இதக் கண்டுபிடிச்சவன் யாருன்னு தெரியல, தெரிஞ்சா மாலை போடலாம்.

நீங்க கோவிக்காதீங்க. நான் உங்களச் சொல்லல.

இந்த ரெஜிஸ்டரப் பாருங்க. மொத்தம் நாப்பது சிஸ்டம். மானிட்டர் நாப்பது, கீபோர்டு நாப்பது, மவுஸ் நாப்பது. அதுக்கு அடுத்த கட்டத்துல பாருங்க. கோர், முன்னூத்தி இருவது. சிரிக்காதீங்க. வாங்குனப்ப கம்பெனிக்காரன் பில்லுல 'எட்டு கோர் பிராசசர்'னு அடிச்சிருந்தான். ஆபீஸ்ல இருந்த மகராசன் என்ன பண்ணுனாரு, நாப்பது இன்ட்டு எட்டு முன்னூத்தி இருவதுன்னு தனியா ஒரு கட்டம் போட்டுட்டாரு. மவுஸுக்குப் பக்கத்துல கோர். நான் அன்னைக்கே சொன்னேன். அண்ணாச்சி, இது தனிச் சாமான் இல்லன்னேன். 'பில்லுல இருக்குல்லா'ன்னாரு. முடிஞ்சு போச்சு.

கோர்னா என்னன்னு தெரியும்லா சார்? தலையாட்டுதீங்க. தலையாட்டுறவங்க கேக்க மாட்டாங்க, நானே சொல்லிருதேன். உள்ள ஒரு சில்லு. தீப்பெட்டில பாதி கூட இருக்காது. அதுக்குள்ள எட்டுப் பேரு உக்காந்து வேல பாக்குதாங்கன்னு வச்சிக்கிடுங்க. கல்யாண வீட்டுச் சமையக்கட்டுல எட்டு மாஸ்டர் நிப்பாங்கள்லா, அது மாதிரி. ஆனா ஒருத்தனக் கழட்டிப் பையில போட்டுட்டுப் போவ முடியாது. போனா எட்டுப் பேரும் சேந்துதான் போவணும். இது ரொம்பச் சாதாரண விசயம். நான் பகல்ல நூல் மில்லு, சாயந்தரம் ஆறு மணிக்கு மேல பாலிடெக்னிக்னு நாலு வருசம் படிச்சவன். எனக்கே புரிஞ்சிட்டு. இவங்கள்லாம் பகல்ல படிச்சவங்க. அம்புட்டு வெளிச்சத்துல படிச்சும் கண்ணு தெரியல.

போன வருசம் வந்தவரு சங்கரநயினார். டாக்டர் சங்கரநயினார். டாக்டர்னு சொல்லாட்டி திரும்பிப் பாக்க மாட்டாரு. எல எண்ணுறதுல பி.ஹெச்.டி. வியாழக்கெழம காலையில வந்தாரு. யாரோ ஒரு மாணவன் அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கான், டாஸ்க் மேனேஜரத் தொறந்தா கோர் எத்தனன்னு காட்டும்னு. அதுல இருந்து பிடிச்சிக்கிட்டாரு. ஒவ்வொரு மெசினாத் தொறக்குதாரு, 'எட்டு... சரி... எட்டு... சரி...'ன்னு டிக் அடிக்குதாரு. பாவக்காய் எண்ணுத மாதிரி. நான் பின்னாலயே நிக்கேன். ஜெபக்கனி பேட் புடிச்சிக்கிட்டு நிக்கா.

ஜெபக்கனின்னா எங்க லேப் அசிஸ்டெண்ட். ஒம்போது வருசமா என் கீழ இருந்தா. ஒழுங்கான பிள்ள. ரெஜிஸ்டர்ல போன வருசப் பக்கத்துல 'பொறுப்பு'ன்னு இருக்கு பாருங்க, அங்கன அவ கையெழுத்துதான். நான் டெக்னீசியன், நான் கையெழுத்துப் போட வேண்டாம்.

இருபத்து மூணாம் நம்பருக்கு வந்தாரு. மனுசன் அப்படியே நிக்குதாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. மறுபடியும் பாத்தாரு.

"என்னவே இசக்கியப்பன், ஏழு காட்டுது?"

நான் குனிஞ்சு பாத்தேன். ஏழுதான்.

"ஒண்ணு எங்கவே?"

"சார், உள்ளதான் இருக்கும். விண்டோஸுக்குத் தெரியல போலருக்கு."

"தெரியலயா, இல்லையா?"

"இருக்கு சார். கோர்ங்கிறது கழட்டி எடுக்கிற சாமான் கெடையாது."

"கழட்ட முடியாத சாமான எதுக்குவே தனியா எண்ணி எழுதியிருக்கு?"

அந்தக் கேள்வி மட்டும் ஒழுங்கான கேள்விதான், பாத்துக்கிடுங்க. ஆனா அத என்கிட்ட கேட்டா? ஸ்டாக் பாரத்த எடுத்தாரு, 'கோர் – ஒன்று குறைவு'ன்னு எழுதுனாரு, போயிட்டாரு.

சரி, எழுதுனா எழுதட்டும்னு விட்டிருப்பேன். ஆனா அன்னைக்கு மத்தியானமே ஜெபக்கனி மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போயி வந்து நின்னா. அவளுக்கு அரசாங்க வேல கெடச்சிருந்துச்சு. தாலுகா ஆபீஸ்ல இளநிலை உதவியாளர். ஏழு தடவ பரீட்ச எழுதி, இனிமே எழுத வயசு இல்லங்கிற எடத்துல வந்து கெடச்ச வேல. திங்கக்கெழம காலையில பத்து மணிக்குள்ள தூத்துக்குடியில போயி ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோட நிக்கணும். நிக்காட்டி ரத்துன்னு ஆர்டர்லயே போட்டிருக்கு. ஆனா ஒரிஜினல் எங்க இருக்கு? பிரின்சிபால் ரூம் பீரோவுல. நீங்களும் சேரும்போது குடுத்திருப்பீங்களே? குடுத்தீங்கள்லா? ஆங். அது திரும்பி வரணும்னா நோ டியூஸ் பாரத்துல பன்னெண்டு கையெழுத்து வாங்கணும். லைப்ரரி, கேண்டீன், உடற்பயிற்சி... அவ ஒரு நாளும் ஷட்டில்காக் தொட்டதில்ல, அதுக்கும் கையெழுத்து. பதினொண்ணு வாங்கிட்டா. பன்னெண்டாவது இந்த லேப். இங்க ஒரு கோர் குறையுது.

"அண்ணாச்சி, எப்படியாவது பாருங்க அண்ணாச்சி. சனிக்கெழம மத்தியானத்தோட ஆபீஸ் பூட்டிருவாங்க."

"நீ போ பிள்ள, நான் பாத்துக்கிடுதேன்"ன்னேன்.

பாத்தேன். முறையாப் பாத்தேன். இப்போ இருக்கிற பயலுவ மாதிரி எடுத்த எடுப்புல விண்டோஸ அழிச்சிட்டுப் புதுசாப் போடுத ஆள் இல்ல நான். மொதல்ல மெசின அணைச்சு, மூடியக் கழட்டி, ஃபேன எடுத்து, சில்லு மேல பூசியிருக்கிற பேஸ்ட்ட வழிச்சு, சில்லு ஒழுங்கா உக்காந்திருக்கான்னு பாத்தேன். உக்காந்திருக்கு. திரும்ப மாட்டி, பயாஸ்க்குள்ள போனேன். பயாஸ்னா விண்டோஸ் முழிக்கிறதுக்கு முன்னால மெசின் தன்னத் தானே தொட்டுப் பாத்துக்கிடுத எடம். அங்க எட்டு காட்டுது. அப்போ என்ன அர்த்தம்? சமையக்கட்டுல எட்டு மாஸ்டரும் இருக்காங்க. விண்டோஸ்தான் ஏழு பேரக் கூப்பிடுது. அப்போ கோளாறு விண்டோஸ்ல. அங்க ஒரு கட்டம் உண்டு, கெளம்பும்போது எத்தன கோர எடுத்துக்கிடணும்னு. அதுல யாரும் கை வைக்க மாட்டாங்க. தொறந்து பாத்தா, டிக் போட்டு ஏழுன்னு வச்சிருக்கு.

அம்புட்டுத்தான். அர மணி நேரம். அதுல இருபத்தஞ்சு நிமிசம் பேஸ்ட்டு வழிச்சது.

யாரு டிக் போட்டதுன்னா கேக்குதீங்க? யாராவது போட்டிருப்பாங்க. நாப்பது மெசின், ஆயிரம் பிள்ளைக, எத்தன கை. அந்தக் கட்டத்துல கை வைக்க வேண்டிய அட்மின் பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான் இருக்கு, அது வேற விசயம்.

நான் அந்த டிக்க எடுக்கல. ஏன்னு கேளுங்க. எடுத்தா என்ன ஆவும்? எட்டு வந்திரும். சங்கரநயினார் வந்து பாத்து 'ஆ, கெடச்சிட்டு'ம்பாரு. கெடச்சிட்டுன்னா? அப்போ போயிருந்துச்சுன்னுதானே அர்த்தம்? யாரோ எடுத்துட்டுப் போயி, பயந்து, திரும்பக் கொண்டாந்து வச்ச மாதிரி ஆயிரும்லா? ஒரு முட்டாத்தனத்துக்கு நானே போயி ரிப்பன் கட்டணுமா? இருவத்தாறு வருசம் சார். இருவத்தாறு வருசமா இவங்க சொல்லுதத நான் கேட்டிருக்கேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் சொல்லுதது சரின்னு இந்த ரெஜிஸ்டர்ல எழுதட்டும்னு நெனச்சேன். தப்பா?

அன்னைக்கே உக்காந்து ரெண்டு பக்கம் விளக்கம் எழுதுனேன். கோர் என்றால் என்ன, அது ஏன் காணாமல் போகாது. நல்ல தமிழ்ல. வெள்ளிக்கெழம காலையில பிரின்சிபால் மேசையில வச்சேன்.

பிரின்சிபால் ஹிஸ்டரி. படிச்சாரு. மொத வரியப் படிச்சாரு, கடைசி வரியப் படிச்சாரு. நடுவுல உள்ளது அவருக்கு எப்பவுமே தேவப்படாது.

"சரி, யாரு மேல சந்தேகம்?"ன்னாரு.

"சந்தேகமே இல்ல சார். திருட்டே இல்லன்னுதான் எழுதியிருக்கேன்."

"வாட்ச்மேன விசாரிச்சீங்களா?"

எப்படி இருக்கு? சங்கரநயினாரும் பக்கத்துல உக்காந்திருந்தாரு. அவருக்குப் புரியுத பாஷையில சொல்லுவோம்னு, "சார், ஒரு எலுமிச்சம்பழம் இருக்கு. உள்ள எட்டு சொள. தோல அறுக்காம ஒரு சொளய மட்டும் உருவ முடியுமா?"ன்னு கேட்டேன்.

அவரு யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு. "இயற்கையில எண்ணிக்க மாறும்வே. ஏழு சொள உள்ள பழம் நானே பாத்திருக்கேன். வாங்கும்போது நீரு எண்ணி வாங்குனீரா?"

பிரின்சிபால் பலமாத் தலையாட்டுதாரு. 'குட் பாயிண்ட்'ங்காரு.

ஜெபக்கனி கதவு ஓரமா நிக்கா, கையில அந்தப் பாரத்த வச்சிக்கிட்டு. பாரம் நனைஞ்சு போயிருக்கு, கை வேர்வையில. நான் பேசுதத அப்படியே பாத்துக்கிட்டு நின்னா. அவளுக்காகத்தானே நான் இம்புட்டும் பேசுதேன், அவளுக்குப் பெருமையாத்தான் இருந்திருக்கும்.

கடைசியில பிரின்சிபால் ஒரு வழி சொன்னாரு. "இசக்கியப்பன், நீங்க ஒண்ணு செய்யுங்க. தேடிப் பாத்தோம், கெடச்சிட்டுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்தப் பிள்ளய இன்னைக்கே அனுப்பிருதேன்."

ஒரு வரி. எம்புட்டு லேசாச் சொல்லுதாரு பாருங்க.

"கெடச்சிட்டுன்னு எழுத மாட்டேன் சார்"ன்னேன். "போகவே இல்லன்னு வேணா எழுதித் தாரேன்."

"போகலன்னா சங்கரநயினார் எழுதுனது தப்புன்னு ஆயிரும்லா?"

"தப்புதான் சார்."

சங்கரநயினார் எந்திரிச்சாரு, நாற்காலிய டர்ருன்னு தள்ளுனாரு, வெளிய போயிட்டாரு. பிரின்சிபால் என் கடுதாசிய மடிச்சு என்கிட்டயே நீட்டுனாரு. "நாளைக்குப் பாப்போம்."

வெளிய வந்தா ஜெபக்கனி பின்னாலயே வாரா. "அண்ணாச்சி, அந்த ஒரு வரிய எழுதிருங்களேன்."

"நீ படிச்ச பிள்ள, நீயே இப்படிப் பேசலாமா?"ன்னு கேட்டேன். "இன்னைக்கு கோர் தொலைஞ்சிட்டுன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு கரண்டு தொலைஞ்சிட்டும்பான். கரண்ட எங்க வச்சன்னு உன்னயக் கேப்பான்."

"நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன் அண்ணாச்சி."

"நான் இருப்பேன்லா"ன்னேன்.

அவ பாரத்த மடிச்சு வச்சிக்கிட்டுப் போயிட்டா. மறுத்துப் பேச என்ன இருக்கு, நான் சொன்னதுல நியாயம் இருக்கு.

சனிக்கெழம காலையில நான் மூணாவது பக்கம் எழுதுனேன். மொத ரெண்டு பக்கத்துல சுருக்கமாச் சொல்லிட்டேனோன்னு ஒரு எண்ணம். பிரிண்ட் எடுக்க ஆபீஸ் ரூமுக்குப் போனா அங்க மெசின் பேப்பரக் கவ்விக்கிட்டு நிக்கி. அதையும் நான்தான் சரி பண்ணணும். பண்ணி, எடுத்துக்கிட்டு, பன்னெண்டே காலுக்கு லேப்புக்குத் திரும்பி வாரேன். வாசல்லயே சங்கரநயினார் சிரிப்பு கேக்குது.

"என்னவே, கெடச்சிட்டுல்லா! தூசியாம்வே, தூசி!"

உள்ள பாத்தா இருபத்து மூணாம் நம்பர் ஓடுது. டாஸ்க் மேனேஜர் தொறந்திருக்கு. எட்டு. பக்கத்துல ஜெபக்கனி, கையில தூசி ஊதுத பிளோயர வச்சிக்கிட்டு நிக்கா. மூஞ்சியில, தலையில எல்லாம் தூசி. இல்லாத தூசிய எங்க இருந்து எடுத்துப் பூசிக்கிட்டாளோ.

"சார், உள்ள ஒரு ஓரமாத் தூசியில மாட்டிக்கிட்டு இருந்துச்சு சார். நான்தான் ஒழுங்காத் தொடைக்காம விட்டுட்டேன்"ன்னு சொல்லுதா. என் காது கேக்க. ஒம்போது வருசம் நான் சொல்லிக் குடுத்த பிள்ள!

சங்கரநயினாருக்கு அப்படியே குளுந்து போச்சு. "நான் அப்பவே சொன்னேன்லா, எங்கயாவது உள்ளதான் கெடக்கும்னு"ங்காரு. எப்போ சொன்னாரு? ரெஜிஸ்டர்ல எழுதுதாரு. இருக்கு பாருங்க, இந்தா, சிவப்பு மையில. 'உதவியாளரின் பராமரிப்புக் குறைவால் மறைந்திருந்த கோர் ஒன்று கண்டெடுக்கப்பட்டது.' கீழ ஜெபக்கனி கையெழுத்து. கை நடுங்காமப் போட்டிருக்கா பாருங்க. பன்னெண்டரைக்கு பாரத்துல பன்னெண்டாவது கையெழுத்து விழுந்துச்சு. பன்னெண்டே முக்காலுக்கு பீரோவத் தொறந்து சர்ட்டிபிகேட்டக் குடுத்துட்டாங்க. அனுபவச் சான்றுல மட்டும் பிரின்சிபால் 'மிக நன்று'ங்கிறத அடிச்சிட்டு 'திருப்திகரம்'னு போட்டாரு. கோரத் தூசியில விட்டவளாச்சே.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல. காலேஜ் கேட்டுப் பக்கத்துல அவள மறிச்சுக் கேட்டேன். "ஏ பிள்ள, தூசின்னு சொன்னியா? அதுக்குக் கையெழுத்து வேற போட்டியா? மொதல்ல உனக்குப் பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?"

"ஒம்போது வருசமா நீங்க அத அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே அண்ணாச்சி அடிப்பீங்க."

அது இருக்கட்டும். அதுக்குப் பெறவு ஒண்ணு சொன்னா. சர்ட்டிபிகேட் பைய நெஞ்சோட சேத்துப் புடிச்சிக்கிட்டு, கத்தாம, நிதானமாச் சொன்னா.

"டிசம்பர்ல இந்த மெசின் அடிக்கடி நின்னு போச்சுல்லா அண்ணாச்சி. ஒரு கோரக் கொறச்சு ஓட விட்டுப் பாப்போம்னு நீங்கதான் டிக் போட்டீங்க. நான் ஸ்க்ரூ டப்பாவப் புடிச்சிக்கிட்டு பக்கத்துல நின்னேன். பெறவு பாத்தா மெமரியிலதான் கோளாறு. அத மாத்திட்டு டிக்க எடுக்க மறந்துட்டீங்க. வியாழக்கெழமயே நான் அவங்ககிட்ட சொல்லியிருப்பேன். நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேன்."

பஸ்சு வந்துட்டு. ஏறிட்டா.

இருந்தாளாம்! சரி, போட்டேன். சோதனைக்குப் போட்டேன். ஒரு டெக்னீசியன் சோதிச்சுப் பாக்கக் கூடாதா? மறக்கக் கூடாதா? நாப்பது மெசின்ல ஒரு டிக்கு. ஆனா அதுவா சார் இங்க பிரச்சின? டிக் யாரு போட்டாங்கிறதா பிரச்சின? கோர் தொலையுமா, தொலையாதா, அதுதானே கேள்வி? அந்தக் கேள்விக்கு இன்னைக்கு வர இந்தக் காலேஜ்ல பதில் இல்ல. ரெஜிஸ்டர் என்ன சொல்லுது? தூசியில மறஞ்சிருந்துச்சாம். சங்கரநயினார் ஜெயிச்சாரு.

அவ இப்போ நல்லாத்தான் இருக்கா. போன தீவாளிக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுத்து விட்டிருந்தா. எனக்கு ஒண்ணு வந்துச்சு. விசாரிச்சேன். சங்கரநயினாருக்கும் அதே சைஸ் பாக்ஸாம்.

சரி, உங்க நேரத்த வீணாக்கல. எந்திரிங்க, எண்ணுங்க. எல்லாம் சரியா இருக்கும், இருபத்து மூணத் தவிர. அந்த மூலையில இருக்கு. அதுல ஏழுதான் காட்டும்.

ஏன் முழிக்கீங்க? ஆமா, நான்தான் வச்சிருக்கேன். நேத்து சாயந்தரம் வச்சேன். நீங்க தயங்காம 'கோர் – ஒன்று குறைவு'ன்னு எழுதுங்க. எழுதிக் கொண்டுபோயி பிரின்சிபால்கிட்ட குடுங்க. கண்டிப்பாக் கூப்பிடுவாரு. இந்தத் தடவ விளக்கம் எட்டுப் பக்கம், படம் வரைஞ்சு, பைண்டிங் பண்ணி வச்சிருக்கேன். படிக்காம தப்பிக்க முடியாது. நீங்க கெமிஸ்ட்ரி, உங்களுக்குப் புரியும். சங்கரநயினார் மாதிரி இல்ல நீங்க, மொகத்தப் பாத்தாலே தெரியுது.

இந்த வருசம் பொறுப்புக் கட்டத்துல யாரு கையெழுத்தா? அது முத்துலெட்சுமி. ஜெபக்கனி எடத்துக்கு வந்தவ. வாசல்ல உங்களுக்குத் தண்ணி கொண்டாந்து வச்சாளே, அவதான். ரெண்டு பிள்ளைக்காரி, வீட்டுக்காரன் இல்ல. வார மாசம் நிரந்தரம் பண்ணப் போறாங்களாம், அதுக்கு ஃபைல் பிரின்சிபால் மேசையில இருக்கு. அவளுக்கு ஒண்ணும் ஆவாது சார். அதான் எட்டுப் பக்கம் எழுதி வச்சிருக்கேன்லா.